கந்தலில் எழுந்த சந்தை: பாரிஸின் சேந்த்-உவானும் குப்பை பொறுக்கியவர்களின் உரிமையும்

பாரிஸ் மெட்ரோவின் 4ஆம் தடம் கார் து நோர் ரயில் நிலையத்தைத் தொட்டு வடக்கே போகிறது. அந்த நிலையத்தின் பின்புறம்தான் 1980கள் தொடங்கி ஈழத்தமிழர்கள் வளர்த்தெடுத்த லாச்சப்பல் கடைத்தெரு. அங்கிருந்து ஐந்தாவது நிறுத்தம் போர்த் த கிளின்யான்கூர். வடக்கே அதுதான் கடைசி. சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாட்களில் இங்கே இறங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி ஒரே திசையில் நடக்கும். சேந்த்-உவான் பழம்பொருள் சந்தை அந்தத் திசையில் இருக்கிறது. ஏறக்குறைய 7 ஹெக்டேர் பரப்பு, பத்துக்கும் மேற்பட்ட தனித்தனி அங்காடிகள், 2,000க்கு நெருக்கமான வணிகர்கள். உலகின் மிகப் பெரிய பழம்பொருள் சந்தைகளில் ஒன்றாக இதைச் சொல்வது வழக்கம்.

சந்தைக்குப் போகும் வழியில் மூன்று அடுக்குகள் உண்டு. மெட்ரோ வாசலை ஒட்டிய நடைபாதையில் புதிய ஜீன்ஸ், காலணி, இடுப்புவார், கைபேசி உறை விற்கும் கடைகள். இவற்றில் பழம்பொருள் எதுவும் இல்லை. அடுத்து பாரிஸைச் சுற்றி ஓடும் பெரிஃபெரீக் வட்டச்சாலையின் மேம்பாலம். அதைத் தாண்டினால்தான் ரோசியே தெருவும் அதன் இருபுறமும் கிளை பிரியும் சந்துகளும். 18ஆம் நூற்றாண்டு அலமாரி, ஆர்ட் டெகோ விளக்கு, பழைய அஞ்சலட்டை, ராணுவப் பொத்தான், சரிகைத் துணி, கதவுக் கைப்பிடி எல்லாம் அங்கே கிடைக்கும். பெரும்பாலான பயணிகள் முதல் இரண்டு அடுக்குகளையும் கண்ணை மூடிக்கொண்டு கடந்து மூன்றாவதற்குப் போகிறார்கள். இந்த மேம்பாலத்தின் இன்னொரு பகுதியில், சற்று மேற்கே போர்த் த மோன்மார்த்ர் அருகே, குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்த பொருள்களைத் தரையில் விரிப்புப் போட்டு விற்கும் ஏழைகள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகும் பயணி மிகக் குறைவு.

சந்தையைத் தொடங்கிய மூதாதையர்களின் வாழ்க்கையை இன்று உண்மையாக வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் இந்தக் கடைசிக் கூட்டத்தினர்தான். ஒரே தொழிலின் ஒரு முனை பாரம்பரியச் சொத்தாகப் பாதுகாக்கப்படுகிறது. மறுமுனையைப் போலீஸ் விரட்டுகிறது. இந்தப் பிளவு எப்படி வந்தது என்பதை அறியக் குப்பை, நிலம், பொருளறிவு ஆகிய மூன்றின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குப்பைக்கு விலை இருந்த காலம்

19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் குப்பை ஒரு மூலப்பொருள். காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. செய்தித்தாளும் புத்தகமும் பெருகப் பெருகக் கந்தலின் தேவையும் ஏறியது. எலும்பிலிருந்து பொத்தானும் பசையும் வந்தன. எலும்பைச் சுட்டெடுத்த கரி சர்க்கரை ஆலைகளில் பாகின் நிறத்தைப் போக்கப் பயன்பட்டது. உடைந்த கண்ணாடி மறுபடி உருக்கப்பட்டது. சீப்பில் சிக்கிய தலைமுடி சவரியாயிற்று. காய்ந்த ரொட்டித் துண்டு கால்நடைத் தீவனமாயிற்று. நகரம் வீசியெறிந்ததில் வீணாய்ப் போனது குறைவு.

இந்த ஓட்டத்தைத் தாங்கியவர்கள் ஷிஃபோனியே எனப்பட்ட கந்தல் பொறுக்குவோர். முதுகில் பிரம்புக் கூடை, ஒரு கையில் கொக்கி, மறுகையில் லாந்தர் விளக்கு. இரவில் தெருவில் கொட்டப்பட்ட குப்பையைக் கிளறி எடுத்து, வீட்டில் குடும்பமே உட்கார்ந்து வகை பிரித்து, மொத்த வியாபாரியிடம் எடை போட்டு விற்றார்கள். இவர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. கிடைத்த இடத்தில் பொறுக்குபவர் அடிமட்டம். சில கட்டடங்களின் குப்பையில் முதல் கை வைக்கும் வழக்குரிமை பெற்றவர் அடுத்த படி. வாயில்காவலரோடு பழகிச் சம்பாதித்த அந்த உரிமையை விற்கவும் வாங்கவும் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லவும் முடிந்தது. இவர்கள் எல்லோரிடமும் வாங்கிச் சேர்க்கும் மொத்த வியாபாரி உச்சியில் இருந்தார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அழுக்காகவும் குழப்பமாகவும் தெரிந்த ஒன்று உள்ளே எழுதப்படாத விதிகளால் ஒழுங்காக நடந்தது.

அரசுக்கு இவர்கள் மேல் எப்போதும் சந்தேகம். இரவில் நடமாடுகிறார்கள், எல்லா வீட்டின் ரகசியமும் இவர்களுக்குத் தெரியும், திருட்டுப் பொருள் இவர்கள் வழியாக மறையலாம் என்பது அதன் அச்சம். 1828இல் காவல்துறை இவர்களுக்கு அடையாள வில்லையைக் கட்டாயமாக்கியது. 1832இல் காலரா வந்தது. பாரிஸில் மட்டும் 18,000க்கும் மேற்பட்டோரைக் கொன்ற அந்த ஆண்டின் ஏப்ரல் தொடக்கத்தில், தெருக்குப்பையை விரைந்து அகற்ற நகராட்சி புதிய ஒப்பந்ததாரரின் வண்டிகளை இறக்கியது. தங்கள் பிழைப்பு வண்டியேறிப் போவதைக் கண்ட கந்தல் பொறுக்குவோர் வண்டிகளை உடைத்துத் தீயிட்டார்கள். சுகாதாரத்தின் பெயரால் நடக்கும் ஒவ்வொரு சீரமைப்பும் யாரோ ஒருவருடைய வருவாயின் மேல் கை வைக்கிறது என்பதை அந்தக் கலவரம் அன்றே சொல்லிவிட்டது.

அடுத்த பெரிய அடி அரைநூற்றாண்டு கழித்து விழுந்தது. சேன் மாவட்ட ஆட்சியர் யூஜேன் புபெல் 1883 நவம்பரில் பிறப்பித்த ஆணைப்படி, ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் குடியிருப்போருக்கு மூடியுள்ள குப்பைத்தொட்டி வைத்துத் தர வேண்டும். தொட்டி வண்டி வரும் நேரத்தில்தான் வெளியே வரவேண்டும். அழுகும் குப்பைக்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று என்று வகை பிரிக்கவும் அவர் திட்டமிட்டார். இன்று உலகம் முழுவதும் பேசப்படும் தரம்பிரிப்பு அது. ஆனால் இரவெல்லாம் தரையில் கிடந்த குப்பையை நிதானமாகப் பிரித்து வாழ்ந்தவர்களுக்குத் தொட்டியின் மூடி கதவடைப்பாயிற்று. பத்திரிகைகளில் பெரும் எதிர்ப்பு எழுந்தது; நடைமுறையில் விதி கொஞ்சம் தளர்ந்தது. அதே காலத்தில் மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை பரவி, கந்தலின் விலையும் இறங்கிக்கொண்டிருந்தது. எடை போட்டு விற்றுப் பிழைக்க முடியாமல் போனவர்கள், குப்பையில் கிடைத்த முழுப் பொருள்களைத் தனித்தனியாக விற்பதன் பக்கம் மேலும் சாய்ந்தார்கள். சட்டியும் பூட்டும் படச்சட்டமும் நாற்காலியும் அவர்கள் விரிப்பில் இடம் பிடித்தன.

சுவருக்கு வெளியே ஒரு வெற்றிடம்

விற்க இடம் வேண்டுமே! அந்த இடத்தைத் தந்தது ஒரு ராணுவச் சுவர். 1841 முதல் 1844 வரை, பிரதமர் தியேர் பெயரால் அறியப்படும் கோட்டைமதில் பாரிஸைச் சுற்றி 33 கிலோமீட்டருக்கு மேல் எழுப்பப்பட்டது. பீரங்கிக்குப் பார்வை மறையக்கூடாது என்பதற்காக மதிலுக்கு வெளியே 250 மீட்டர் அகலத்துக்கு எந்தக் கட்டடமும் கட்டத் தடை. சட்டப்படி வெறுமையாக இருக்க வேண்டிய அந்த வளையத்தில் கூரைக்கொட்டகையும் சக்கர வண்டி வீடும் தோட்டத்துண்டும் முளைத்தன. மாவட்ட ஆட்சியர் ஓஸ்மான் 1850களிலும் 60களிலும் நகர நடுவை இடித்து அகன்ற சாலைகள் போட்டபோது வீடிழந்த ஏழைகளில் பலர் நகர விளிம்புக்குத் தள்ளப்பட்டார்கள். நகருக்குள் தங்கவும் விற்கவும் இடமில்லாத கந்தல் பொறுக்குவோர் கிளின்யான்கூர், மோந்த்ரே, வான்வ் ஆகிய வாயில்களுக்கு வெளியே முகாமிட்டார்கள். இந்த மூன்று திசைகளிலும் இன்றுவரை பழம்பொருள் சந்தை நடப்பது இதன் தொடர்ச்சி.

வாடிக்கையாளரை அந்த இடத்துக்கு இழுத்து வந்தது ஒரு வரி. பாரிஸுக்குள் நுழையும் சரக்குகளுக்கு ஒக்த்ருவா என்ற நுழைவுவரி இருந்தது. 1943 வரை அது நீடித்தது. மதிலுக்கு வெளியே அந்த வரி இல்லாததால் திராட்சை மது மலிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் குடும்பங்கள் வாயிலைத் தாண்டி வந்து குடித்து, ஆடி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் தரைக்கடைகளை நோட்டம் விட்டன. தேவைக்காக வாங்கிய ஏழையோடு வேடிக்கைக்காக வாங்கும் நடுத்தர வர்க்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். ராணுவம் தடுத்த நிலம், நகராட்சி போட்ட வரி, சுகாதார ஆணை துரத்திய மக்கள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியதால்தான் சந்தை பிறந்தது. யாரும் அதைத் திட்டமிட்டு அமைக்கவில்லை.

சேந்த்-உவான் நகராட்சி தெருவைச் சீர்ப்படுத்தி விற்பவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிய 1885ஐச் சந்தையின் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகிறார்கள். 1908இல் மெட்ரோ கிளின்யான்கூர் வாயிலுக்கு வந்ததும் கூட்டம் பெருகியது.

மதிலடி வளையத்தின் வாழ்க்கையை 1910களில் புகைப்படக் கலைஞர் யூஜேன் அத்ஜே தொடர்ச்சியாகப் படம்பிடித்தார். கொட்டகை வாசலில் கந்தல் மூட்டைகளுக்கு நடுவே நிற்கும் குடும்பங்கள் அந்தப் படங்களில் காமிராவை நேராகப் பார்க்கின்றன. அந்த வளையத்தின் பிள்ளைகளில் ஒருவர் கிதார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928இல் அவருடைய வண்டிவீட்டில் பற்றிய தீ, மனைவி விற்பனைக்காகச் செய்துவைத்திருந்த செல்லுலாயிட் பூக்களில் பாய்ந்து வீட்டையே விழுங்கியது. இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகு, மிஞ்சிய விரல்களுக்கென்று ஒரு வாசிப்பு முறையை அவர் உருவாக்கினார். ஐரோப்பிய ஜாஸின் போக்கையே மாற்றியது அது. ரோசியே தெருவில் உள்ள ஷோப் தே ப்யூஸ் மதுக்கடையில் வாரயிறுதி தோறும் அவருடைய பாணியில் இன்றும் கிதார் ஒலிக்கிறது. சந்தையில் ரசிக்கப்படும் இசையும்கூட அந்த வெற்றிடத்து மக்கள் தந்ததுதான்.

நிலம் யாருக்கு வாய்த்தது

முதல் உலகப்போர் முடிந்ததும் மதில் ராணுவத்துக்குப் பயனற்றதாகிவிட்டது. 1919இல் அதை இடிக்கச் சட்டம் வந்தது. 1920கள் முழுவதும் இடிப்பு நடந்தது. வெளிவளையத்துக் கொட்டகைகளும் அடுத்த சில பத்தாண்டுகளில் அகற்றப்பட்டன. அந்தக் கொட்டகைவாசிகள் வாழ்ந்த மண்ணின் வழியாகத்தான் 1973இல் முடிந்த பெரிஃபெரீக் சாலை ஓடுகிறது.

அந்தத் துடைப்பில் சேந்த்-உவான் தப்பியதற்குக் காரணம், அங்கே தனியார் மனைகள் இருந்ததுதான். 1920இல் ரோமேன் வெர்னேசோன் என்ற நில உரிமையாளர் தன் மனையில் தண்ணீரும் மின்சாரமும் கொண்ட மரக்கொட்டகைகளை வரிசையாக அமைத்து வாடகைக்கு விட்டார். வெர்னேசோன் அங்காடி இன்றும் அதே குறுகிய சந்துகளோடு இருக்கிறது. 1925இல் வசதியுள்ள வணிகர்கள் பலர் சேர்ந்து பிரோன் அங்காடியைத் தொடங்கினார்கள். தொடக்கத்திலிருந்தே அது நேர்த்தியான அறைகலனுக்குப் பேர்போனது. பின்னர் ஜூல் வலே, போல் பேர், செர்பெத், தோஃபின் என்று ஒவ்வொன்றாக வந்தன. இவற்றில் செர்பெத் ஒரு பழைய மோட்டார் பணிமனைக் கட்டடத்தில் 1977இல் தொடங்கியது.

இந்த மாற்றத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். தரையில் விரித்தவருக்குக் கூரை கிடைத்தது; கூரைக்கு வாடகை வந்தது; வாடகை கட்டப் பொருளின் தரம் உயர வேண்டியிருந்தது; தரம் உயர்ந்ததால் வாங்குபவர் மாறினார். ஒரு தலைமுறைக்குள் பொறுக்கியவர்களில் சிலர் பழம்பொருள் வணிகர் ஆனார்கள், அவர்களில் சிலர் கலைப்பொருள் நிபுணர்களானார்கள். மேலேறிய ஒவ்வொருவருக்கும் கீழே விரிப்போடு நின்றவர்கள் பலர். அவர்களுக்கு அங்காடிக்குள் இடமில்லை. ஓரத்துத் தெருக்களே மிஞ்சின.

ஒரு பொருள் மறுபிறவி எடுக்கும் விதம்

ஏன் மேலேற முடிந்தது என்ற கேள்விக்குப் பதில் பொருளறிவில் இருக்கிறது. பிரிட்டிஷ் மானுடவியலாளர் மைக்கேல் தாம்ப்சன் 1979இல் வெளியிட்ட குப்பைக் கோட்பாடு பற்றிய நூல் இதை விளக்க உதவும். பொருள்களை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். வாங்கிய நாளிலிருந்து மதிப்பிறங்கிக்கொண்டே போகும் பொருள்கள் ஒரு வகை. காலம் போகப்போக மதிப்பேறும் பொருள்கள் இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவே மதிப்பே இல்லாத குப்பை. மதிப்பிறங்கும் பொருள் ஒன்று மதிப்பேறும் பொருளாக மாற வேண்டுமானால், பெரும்பாலும் குப்பை நிலையைக் கடந்துதான் போகிறது. யாரும் சீந்தாத அந்த இடைக்காலத்தில் அதைக் கையில் எடுத்து, துடைத்து, இது இன்னது என்று சொல்ல ஒருவர் வேண்டும். பழம்பொருள் சந்தை அந்த ஒருவர் வேலை செய்யும் களம்.

அர்ஜுன் அப்பாதுரை 1986இல் தொகுத்த பொருள்களின் சமூக வாழ்வு பற்றிய நூலில் இகோர் கோபிடாஃப், மனிதரைப் போலவே பொருளுக்கும் வாழ்க்கை வரலாறு எழுதலாம் என்றார். சேந்த்-உவானின் ஒரு நாற்காலிக்கு அப்படி எழுதினால் முதல் அத்தியாயம் ஒரு சாவு வீட்டில் தொடங்கும். உரிமையாளர் இறந்துபோக, வாரிசுகள் வீட்டைக் காலி செய்யும் தொழிலாளியைக் கூப்பிடுகிறார்கள். அவர் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்து விடியற்காலையில் தெருவோரம் இறக்குகிறார். கைவிளக்கோடு காத்திருக்கும் சிறு வணிகர் நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்கிறார்: எந்த மரம், எந்த இணைப்பு, ஆணி கையால் அடித்ததா, தச்சரின் முத்திரை உண்டா? அவர் வாங்கிய விலைக்கு மேல் வைத்து இன்னொருவர் காலை எட்டு மணிக்குள் வாங்குகிறார். நண்பகலில் பயணி ஒருவர் விலை கேட்கும்போது அது பல கை மாறிவிட்டிருக்கலாம். ஒவ்வொரு கையும் சேர்த்தது ஓர் அறிவுத் துண்டு. விலையின் ஏற்றம் பெரும்பாலும் அந்த அறிவுக்கான கூலி.

பேரத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மொரோக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்த கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1978இல் எழுதிய கட்டுரையில், சந்தையில் அரிதான சரக்கு தகவல்தான் என்று காட்டினார். பொருளின் தரமும் நியாய விலையும் யாருக்கும் முழுதாகத் தெரியாத இடத்தில், பேரம் தகவல் தேடும் கருவியாகிறது. எந்த விலையிலிருந்து தொடங்குகிறார், எந்த இடத்தில் பிடிவாதம் பிடிக்கிறார், எதைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறார் என்பதிலிருந்து விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் படிக்கிறார்கள். பொருளை எடுத்துப் பார்த்து, அதன் கதையைக் கேட்டு, அதன்பின் விலைக்கு வரும் வாடிக்கையாளருக்கு மதிப்பு உண்டு. எடுத்த எடுப்பிலேயே பாதி விலைக்குக் கேட்பவர் தான் எதையும் அறிய வரவில்லை என்று அறிவித்துவிடுகிறார்.

அறிவு தவறிய இடத்தில் அதிர்ஷ்டம் பேசுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆடம்ஸ்டவுன் சந்தையில் 1989இல் ஒருவர் படச்சட்டத்துக்காக 4 டாலர் கொடுத்து ஒரு படத்தை வாங்கினார். படத்தின் பின்னால் மடித்துக் கிடந்தது அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 1776ஆம் ஆண்டு முதல் அச்சுப்பிரதிகளில் ஒன்று. 1991இல் சதபீஸ் ஏலத்தில் அது 24 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. இன்னொரு கதை எதிர்த்திசையில் செல்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் சந்தையில் 7 டாலருக்கு வாங்கியதாகச் சொல்லப்பட்ட ஒரு சிறிய ரெனுவார் ஓவியம் 2012இல் ஏலத்துக்கு வந்தபோது, 1951இல் பால்டிமோர் கலைக் காட்சியகத்திலிருந்து திருடப்பட்டது என்பது வெளியானது. 2014இல் நீதிமன்றம் அதைக் காட்சியகத்துக்கே திருப்பித் தந்தது. முதல் கதை எல்லோருக்கும் தெரியும்; தொழிலில் இருப்பவர்கள் இரண்டாவதை மறப்பதில்லை. பிரான்சில் பழம்பொருள் வணிகர் ஒவ்வொருவரும் யாரிடமிருந்து எதை வாங்கினார் என்ற பதிவேட்டைச் சட்டப்படி வைத்திருக்க வேண்டும். வணிகரல்லாத தனியார், வீட்டுப் பழம்பொருள்களை விற்கும் தெருச்சந்தைகளில் ஆண்டுக்கு இரண்டு முறைதான் கடை போடலாம்.

விலைக்கு அப்பாற்பட்ட மறுபிறவியும் உண்டு. சர்ரியலிஸக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் சேந்த்-உவானுக்கு அடிக்கடி போனவர். 1928இல் வெளிவந்த அவருடைய நாஜா நூலில் இந்தச் சந்தை வருகிறது. 1934இல் சிற்பி ஜாக்கொமெத்தியோடு அங்கே சுற்றியபோது சிற்பி ஓர் உலோக முகமூடியையும், பிரெத்தோன் அடியில் குட்டிக் காலணி செதுக்கிய மரக்கரண்டி ஒன்றையும் வாங்கினார்கள். முடிக்க முடியாமல் திணறிய ஒரு சிற்பத்தின் முகத்துக்கு அந்த முகமூடி வழிகாட்டியது என்று 1937ஆம் ஆண்டு நூலில் பிரெத்தோன் எழுதினார். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் போகும் மனதுக்குச் சந்தை கொடுக்கும் கொடை அது. வகைப்படுத்தி அடுக்கிய பெரிய கடையில் அப்படி ஒரு சந்திப்பு நிகழ்வது அரிது. கலந்து கிடக்கும் குவியல்தான் அதை நிகழ்த்துகிறது. அந்தக் குவியலைக் குப்பையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்து போட்டவர் இல்லாமல் கவிஞருக்கும் கண்டுபிடிப்பு இல்லை.

எதைப் பாதுகாத்தோம்

2001இல் பிரான்ஸ் சேந்த்-உவான் சந்தையைக் கட்டடக்கலை, நகர்ப்புற, நிலக்காட்சிப் பாரம்பரியப் பாதுகாப்பு வளையமாக அறிவித்தது. அழகிய கோபுரமோ அரண்மனையோ அங்கே இல்லை. தகரமும் மரமும் செங்கல்லுமாக எழுந்த எளிய கொட்டகைகளின் சூழலைக் காக்க ஓர் அரசு முன்வந்தது பாராட்டத்தக்க முன்னேற்றம். அது இல்லாதிருந்தால் பாரிஸின் எல்லையை ஒட்டிய இந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்திருக்கும்.

ஆனால் கட்டடச் சூழலைக் காக்கும் சட்டத்தால் வாடகையைக் கட்டுப்படுத்த முடியாது. 2005இல் போல் பேர், செர்பெத் அங்காடிகளை வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு குடும்பத்தின் க்ரோவ்னர் சொத்து நிறுவனம் வாங்கியது; 2014இல் அவை மறுபடி கைமாறின. பழம்பொருள் விற்ற மண் தானே முதலீட்டுப் பொருளாயிற்று. இதற்கிடையில் இணையவழி விற்பனை வந்து சாதாரணப் பழம்பொருளின் வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டது. அங்காடிகள் அலங்கார வடிவமைப்பாளர்களையும் வெளிநாட்டுச் செல்வந்தர்களையும் மேலும் நம்ப வேண்டியதாயிற்று. சில சந்துகளில் பழைய நாற்காலியின் விலை ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது.

மேம்பாலத்தின் அடியில் வரலாறு முதலிலிருந்து தொடங்குகிறது. ஓய்வூதியம் போதாத முதியவர், வடக்கு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர், வேலை இழந்தவர், ரோமா குடும்பங்கள் ஆகியோர் விடியுமுன் தொட்டிகளில் தேடிக் கண்டெடுத்ததைத் தரையில் விரித்து ஒரு யூரோவுக்கும் இரண்டு யூரோவுக்கும் விற்கிறார்கள். இவர்களைப் பாரிஸ் பிஃபேன் என்று அழைக்கிறது. கந்தல் பொறுக்குவோரின் பழைய பட்டப்பெயர் அது. பல ஆண்டுகள் போலீஸ் விரட்ட இவர்கள் ஓட, ஓடியவர்கள் திரும்ப என்று நடந்தது. விற்பவர்களே சங்கம் அமைத்துப் போராடிய பின், 2009இல் பாரிஸின் 18ஆம் வட்டாரம் போர்த் த மோன்மார்த்ர் பாலத்தடியில் 100 இடங்களைக் குறித்துக் கொடுத்தது. ஓரோர் என்ற சமூகசேவை அமைப்பு அதை நடத்த, விற்பவர்களுக்கு அடையாள அட்டையும் நடத்தை விதியும் வந்தன. மருத்துவம், வீடு, உதவித்தொகை தேடித்தரும் பணியும் கூடவே நடந்தது.

விற்க வருபவர்களோ குறித்த இடங்களைவிடப் பல மடங்கு. அட்டை இல்லாதவர்கள் ஓரத்தில் விரித்தார்கள், மறுபடி விரட்டல். 2011இல் அனுமதியில்லாத் தெருவிற்பனையைப் பிரான்ஸ் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2020இல் அதே நாடு வீணாக்கலுக்கு எதிரான சட்டம் இயற்றி, விற்காமல் தேங்கிய புதுப் பொருள்களை நிறுவனங்கள் அழிப்பதைத் தடுத்தது. மறுபயன்பாட்டைப் பெருநிறுவனத்துக்குக் கடமையாக்கிய சட்டப்புத்தகத்தில், மறுபயன்பாட்டால் பிழைக்கும் ஏழைக்குச் சிறையும் எழுதியிருப்பது பொறுத்துக்கொள்ளத்தக்க முரணல்ல.

எதிர்வாதங்களில் நியாயம் உண்டு. குடியிருப்பவர்களுக்கு நடைபாதை வேண்டும். திருட்டுப் பொருள் புகும் ஆபத்து மெய். விற்காததை விட்டுவிட்டுப் போனால் குப்பை சேரும். ஆனால் இவை அத்தனையும் 19ஆம் நூற்றாண்டுக் கந்தல் பொறுக்குவோர் மேலும் சொல்லப்பட்டவை. அவற்றுக்குத் தீர்வாக வந்தவை குறித்த இடம், கட்டணம், பதிவேடு, துப்புரவு ஆகியவைதாம். அந்தத் தீர்வுகளால்தான் சேந்த்-உவான் உருவானது. 100 இடங்களைக் கொண்ட பாலத்தடிச் சோதனையும் இடமும் விதியும் தந்தால் ஒழுங்கு வரும் என்பதையே காட்டுகிறது. பற்றாக்குறை இடத்தில்தான்.

இந்தச் சந்தைக்குப் போகிறவர்கள் போர்த் த மோன்மார்த்ர் வரை நடந்து, விரிப்புகளுக்கு முன் நின்று, ஒன்றிரண்டு யூரோ கொடுத்து எதையாவது வாங்க வேண்டும் என்று விரும்புகிறேன். தருமமாக அல்ல, சந்தையின் வேர் எங்கே இருக்கிறது என்பதை அறிந்த வாடிக்கையாளராக. ஆனால் பயணிகளின் நல்லெண்ணம் மட்டும் போதாது. மூன்று காரியங்களை நகரம் செய்ய வேண்டும். வீசியெறிந்த பொருளைக் கையாளும் உரிமை, எரிக்கவும் புதைக்கவும் ஒப்பந்தம் எடுத்த நிறுவனங்களுக்கு மட்டும் போய்விடக் கூடாது. நில விலை ஏறும் விளிம்புகளில் விரிப்புப் போடுவோருக்கென்று பொதுநிலம் நிரந்தரமாக ஒதுக்கப்பட வேண்டும். அங்கே தொடங்குபவர் பதிவு பெற்ற வணிகராக மேலேற, வாடகை குறைந்த இடைப்படி ஒன்று வேண்டும். 1920இன் மரக்கொட்டகைகள் செய்த வேலை அதுதான். பழம்பொருள் சந்தையை உயிரோடு வைத்திருப்பது தரையிலிருந்து கூரைக்குப் போகும் அந்தப் படிக்கட்டு. படிக்கட்டை எடுத்துவிட்டுக் கூரையை மட்டும் காத்தால், அடுத்த தலைமுறை வணிகர் எங்கிருந்தும் வரமாட்டார்.